ரெண்டு சின்னது சேர்ந்தா

என் பெண்சாதிக்கு அப்போது மூணு மாசம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு தலசீமியா மைனர் என்று சீட்டில் எழுதினார்கள். பரம்பரையாக வருகிற ரத்தக் குறையாம்.

"மைனர்னா லத்தீன்ல சின்னதுன்னு அர்த்தம். மேஜர்னா பெருசு," என்றார் நர்சம்மா. "உன் டிராக்டர் ஆயில் டப்பால மினிமம், மேக்ஸிமம்னு கோடு போட்டுகீதுல்ல, அதுவும் லத்தீன்தான். ரொம்ப சின்னது, ரொம்ப பெருசு."

சின்னது என்றதும் மனசு ஆறிவிட்டது.

"சொந்தத்துல கட்டினியா?"

"இல்லம்மா."

அவள் அம்மா எங்கப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. கூடப்பிறந்த அத்தை மகளைக் கட்டினால்தான் எங்கள் பக்கம் சொந்தம். இது சேர்த்தி இல்லை.

"எதுக்கும் உன் ரத்தத்தையும் குடுத்துட்டுப் போ," என்றார். அறுப்பு நேரம். சாலவாக்கத்தில் மூட்டை ஏற்ற என் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். ஒரு மாசம் கழித்துத்தான் கொடுத்தேன்.

எனக்கும் மைனர்.

"ரெண்டு பேருக்கும் சின்னதுதான். புள்ளைக்கும் சின்னதுதான வரும்," என்று சிரித்தேன். நர்சம்மா சிரிக்கவில்லை. உறவை நோண்டி நோண்டிக் கேட்டார். சொன்னேன்.

"ஒண்ணுவிட்டா ரத்தமும் வுட்டுப்பூடுமாபா?"

ரெண்டு மைனர் சேர்ந்தால் பிள்ளைக்கு மேஜர் வரலாமாம். வந்தால் ஆயுசுக்கும் மாசாமாசம் ரத்தம் ஏற்ற வேண்டும்.

பிள்ளைக்கு எது என்று பார்க்க மெட்ராஸில் அவள் வயிற்றில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். முடிவுக்கு ரெண்டு வாரம். யாரிடமும் சொல்லவில்லை.

"மாமா, பெருசுன்னு வந்தா இன்னா பண்றது?" என்றாள்.

"வராது."

"அன்னிக்கும் இப்டித்தான் சொந்தமில்லன்னு சொன்ன."

அதற்கப்புறம் அவளிடம் பேச பயமாக இருந்தது. சோறு போட்டாள், தின்றேன். ராப்பகலாக, ரத்தம் கொடுக்காமல் தள்ளிப்போட்ட அந்த ஒரு மாசத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முடிவு வாங்கப் போனோம். டாக்டரம்மா தாளைப் புரட்டினார். நான் தரையைப் பார்த்தேன்.

"மைனர்தான்."

பெண்சாதி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். எனக்கு பயம் போகவில்லை.

"புள்ள வளர வளர இதுவும் பெருசாவுமாம்மா?"

"ஆகாதுப்பா. கடைசி வரைக்கும் மைனர்தான்."

மறுபடியும் கேட்டேன். மறுபடியும் சொன்னார். மூணாவது தரம் வாயெடுத்தபோது அவள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.