கே.ஐ.வி. தட்டில் ஒரு ஸ்ட்ரைக்கர்

என் மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. வருகிற கடிதங்களுக்கு ஒன்று, போகிற கடிதங்களுக்கு ஒன்று. மூன்றாவதற்குப் பெயர் கே.ஐ.வி. மலேசியாவில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்த்த யாருக்கும் அந்த மூன்று எழுத்துகளை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இப்போது ஒன்றும் செய்யாதே, மேலே இருப்பவர் கேட்கும்போது எடுத்துக் கொடு என்று அர்த்தம். காகிதத்தின் மூலையில் பென்சிலால் அப்படி எழுதித் தட்டில் போட்டுவிட்டால், அப்புறம் அது கிராணியின் பொறுப்பு இல்லை. மேலே இருப்பவர் பெரும்பாலும் கேட்கவே மாட்டார்.

அந்தத் தட்டை எனக்கு நன்றாகத் தெரியும். நானே அதில் கிடந்தவன். எழுபதுகளில் நான் ஓர் அரசாங்க இலாகாவில் கிராணி. இலாகாவின் காற்பந்துக் குழுவில் ஸ்ட்ரைக்கர். ஒருமுறை மாநிலக் குழுவின் தேர்வுக்கு வரச்சொல்லி எனக்குக் கடிதம் வந்தது. இரண்டு வாரம் விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். தலைமைக் கிராணி வாங்கிப் பார்த்து, மூலையில் மூன்று எழுத்து எழுதினார். தேர்வெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், "அது என்ன ஆச்சு தம்பி?" என்று என்னிடமே கேட்டார். நான் பல்லைக் காட்டிச் சிரித்துவைத்தேன். வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் ரயில்வே கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். "பென்ஷன் உள்ள வேலைய வச்சிக்கிட்டு பந்து பின்னால ஓடறியா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அவர் மேல் எனக்கு வந்த கோபத்தைவிட, வாயை மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்த என் மேல் வந்த கோபம்தான் பெரிது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிள்ளானில் இருந்த ஒரு காற்பந்துக் குழுவின் அலுவலகத்துக்கு இலாகா என்னை இரவல் கொடுத்தது. குழுவின் செயலாளர் எங்கள் இலாகாவில் பெரிய அதிகாரி. "ஒனக்குத்தான் பந்து பிடிக்குமே லா" என்றார். பந்து எனக்குப் பிடிக்கும்தான். அங்கே எனக்குக் கிடைத்தது டைப்ரைட்டரும் ஃபேக்ஸ் மெஷினும்.

அந்த ஆண்டு ஸ்பெயினிலிருந்து ஒரு ஸ்ட்ரைக்கரை வரவழைத்தார்கள். இரண்டு ஆண்டு ஒப்பந்தம். பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுக்கு அடுத்த தெருவில், மூன்றாவது மாடியில் அவனுக்கு ஒரு ஃபிளாட் எடுத்துக் கொடுத்தார்கள். தினமும் அவனைக் கிள்ளானுக்கு அழைத்து வருவதை என் தலையில் கட்டினார்கள். என்னிடம் இருந்தது ஒரு சின்ன மோட்டார்சைக்கிள். ஆறடிக்கு மேல் இருந்தவன் பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஃபெடரல் நெடுஞ்சாலையில் லோரிக்காரர்கள் எல்லாம் எங்களைப் பார்த்து ஹார்ன் அடிப்பார்கள். அவனும் கையை ஆட்டுவான்.

அவனுக்கு வயது முப்பத்தொன்று, எனக்கு நாற்பது. வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் கேட்டுக் கற்றுக்கொண்டு என்னை "அண்ணே" என்று கூப்பிடுவான். மற்றபடி எங்களுக்குள் உடைந்த ஆங்கிலம்தான். தன் ஆட்ட வாழ்க்கையை ஓர் ஆல்பத்தில் ஒட்டி வைத்திருந்தான். சொந்த ஊரில் இரண்டாம் பிரிவுக் குழு. சிறுவயதில் அந்த மைதானத்தின் ஓரத்தில் நின்று பந்து பொறுக்கிப் போட்டவன், பதினெட்டு வயதில் அதே குழுவுக்காக இறங்கி முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டான். அந்தச் செய்தி ஆல்பத்தில் முழுப் பக்கம். பிறகு பெரிய நகரத்துக் குழு ஒன்று அவனை எடுத்துக்கொண்டு மூன்று ஆண்டு பெஞ்சில் உட்கார வைத்தது. பிறகு நான்கு குழுக்களுக்கு இரவல். பிறகு மூன்றாம் பிரிவு. பக்கம் புரட்டப் புரட்டச் செய்திகள் சின்னதாகிக்கொண்டே போயின. கடைசிப் பக்கங்களில் அவன் பெயர் வரும் ஒற்றை வரிகளைக் கத்தரித்து ஒட்டியிருந்தான்.

இங்கே அவன் ஆட்டம் எடுபடவில்லை. தரையோடு வரும் பந்துக்குப் பழகியவன் அவன். எங்கள் ஆட்கள் வானத்தில் தூக்கி அடித்தார்கள். வெயிலில் அவன் முகம் வெந்து சிவக்கும். மழை பெய்தால் மைதானம் சேறாகிவிடும். இரண்டு ஆட்டம் கோல் இல்லையென்றால் போதும், "ஊருக்குப் போ லா!" என்று கூட்டம் கத்தும். என்ன கத்துகிறார்கள் என்று என்னிடம் கேட்டான். உற்சாகப்படுத்துகிறார்கள் என்று சொல்லிவைத்தேன்.

ஃபிளாட்டில் கதவுக்கு வெளியே இரும்புக் கம்பிக் கதவு, அதில் பூட்டு. நம் ஊரில் எல்லா வீட்டுக்கும் உள்ளதுதான். காலையில் நான் மாடி ஏறும்போது அந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்று, "அண்ணே, ஜெயில், ஜெயில்!" என்பான். முதல் மாதம் இருவரும் சிரித்தோம். நான்காவது மாதத்தில் அவன் மட்டும் சிரிக்கவில்லை. ஆறாவது மாதத்தில் அவன் அதைச் சொல்வதையே நிறுத்திவிட்டான்.

அப்போதுதான் ஒரு திங்கட்கிழமை அந்த ஃபேக்ஸ் வந்தது. அனுப்பியது அவனுடைய சொந்த ஊர்க் குழு. அவர்களுடைய ஸ்ட்ரைக்கர் கால் ஒடிந்து கிடக்கிறான். இவனை உடனே எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் வெள்ளிக்கிழமையோடு பதிவு முடிகிறது, அதற்குள் அவனை விடுவிப்பதாக உங்கள் ரிலீஸ் லெட்டர் ஃபேக்ஸில் வர வேண்டும். அவன் அதை மூன்று முறை படித்தான். இந்த வயதில் இன்னொரு தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று சொன்னான். அது உண்மை என்று எனக்கும் தெரியும்.

கடிதத்தை அன்றைக்கே டைப் அடித்துச் செயலாளரிடம் கொண்டுபோனேன். சனிக்கிழமை எங்களுக்கு அரையிறுதி ஆட்டம். அவர் முகத்தைச் சுளித்தார். தாடையைச் சொறிந்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். "வச்சிரு. தலைவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு ஒனக்குக் கூப்பிடறேன்" என்றார். மறுநாள் காலையிலேயே ஒரு கல்யாணத்துக்காகத் தைப்பிங்குக்குக் காரில் போய்விட்டார்.

நான் கடிதத்தின் மூலையில் பென்சிலால் கே.ஐ.வி. என்று எழுதி மூன்றாவது தட்டில் வைத்தேன். அப்படி எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இருபது ஆண்டுப் பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் பயிற்சி முடிந்ததும் அவன் வந்து என் மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தான். தொலைபேசி மணி அடித்தால் தலையைத் தூக்குவான். நான் உதட்டைப் பிதுக்குவேன். கடிதத்தில் கையெழுத்து ஆகிவிட்டது என்று அவனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அனுப்பச் சொல்வான். உத்தரவில்லாமல் நான் எப்படி அனுப்புவது? செயலாளர் இன்னும் கூப்பிடவில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். தட்டிலிருந்து ஃபேக்ஸ் மெஷினுக்கு ஆறு எட்டு வைக்கும் தூரம்தான்.

வெள்ளிக்கிழமை மாலை நாலேகாலுக்கு அலுவலகம் மூட வேண்டும். அங்கே இப்போதுதான் காலை ஒன்பதேகால், இன்னும் முழு நாள் இருக்கிறது, கொஞ்சம் இருங்கள் என்று கெஞ்சினான். ஐந்து மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பிறகு விளக்கை அணைத்துப் பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அன்று மாலை எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் நான் திரும்பிப் போய் அனுப்பியிருக்கலாம். வீட்டில் சாப்பிட்டேன், பேப்பர் படித்தேன், போகவில்லை.

மறுநாள் அரையிறுதியில் அவன் இரண்டு கோல் போட்டான். ஆறு மாதமாக ஊருக்குப் போ என்று கத்திய கூட்டம் எழுந்து நின்று ஆடியது. அவன் கையைக்கூடத் தூக்காமல் நடு மைதானத்துக்கு நடந்து வந்தான்.

திங்கட்கிழமை செயலாளர் வந்ததும், "என்னா, ஸ்பெயின்காரன் கெளம்பிட்டானா? எப்பிடியோ அரையிறுதி ஆடிட்டான்" என்றார். இல்லை, நீங்கள் சொல்வதற்காகக் காத்திருந்தேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சைன் போட்டுட்டேனே லா. நான் கூப்பிடலன்னா அனுப்ப வேண்டியதுதானே? மூள இல்ல ஒனக்கு?"

மூளை இருந்தது. அதுதான் என்னை இத்தனை வருடமாகத் தின்கிறது. பயத்தினால்தான் அனுப்பவில்லை என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமும் இருந்ததுதான். ஆனால் அந்த மூன்று நாளும் பெஞ்சில் அவனைப் பார்க்கும்போது, எனக்குப் போகாத கடிதம் இவனுக்கு மட்டும் எதற்குப் போக வேண்டும் என்று என் வயிற்றுக்குள் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

அவன் மிச்சமிருந்த ஒப்பந்தக் காலம் முழுவதும் இங்கேயே ஆடினான். இரண்டாம் ஆண்டு முழங்கால் போய்விட்டது. கடைசிச் சில மாதங்கள் அந்தக் கம்பிக் கதவுக்குள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் சாப்பாடு வாங்கிக்கொண்டு போவேன். அந்த ஆல்பத்தில் எங்கள் குழுவைப் பற்றி ஒரு வரிகூட ஒட்டவில்லை.

சுபாங் விமான நிலையத்துக்கு நான்தான் டாக்சி பிடித்து அழைத்துப் போனேன். ஃபிளாட்டின் சாவியை என் கையில் வைத்தான். செயலாளரை அவனுடைய மொழியில் ஏதோ திட்டினான். பிறகு என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்து, "அண்ணே, நீங்க மட்டும்தான் அன்னைக்கு எனக்காக உட்கார்ந்து காத்திருந்தீங்க" என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

அந்தக் கடிதம் என்னிடம்தான் இருக்கிறது. இலாகாவிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்தக் குழு அலுவலகத்தில்தான் இருந்தேன்; கடைசி நாளில் எடுத்து வந்தேன். செயலாளரின் கையெழுத்து நீல மையில் தெளிவாக இருக்கிறது. மூலையில் அந்த மூன்று எழுத்து, பென்சிலில், என் கையெழுத்தில். அழிரப்பர் எடுத்து ஒருமுறை தேய்த்திருந்தால் போயிருக்கும். அந்த அழிரப்பர் அன்றைக்கும் என் மேசை மேல்தான் இருந்தது.