ஐந்து மாதமாய்த் தவறாத ஞாயிறு

கோயில் அறநெறி வகுப்பில் படிப்பிக்கும் பெண்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு காரணம் சொல்லாமல் வராமல் நிற்கலாம். காரணம் கோயிலில் எல்லோருக்கும் தெரியும். உங்களில் யாராவது இப்படிப் படிப்பித்திருந்தால், என் கதை உங்களுக்கு எரிச்சலூட்டும்.

எடுக்காத லீவு

குண்டசாலையில் எங்கள் கோயிலில் படிப்பிப்பது நானும் கோகிலா டீச்சரும்தான், ஆளுக்கொரு வகுப்பு. மாதவிலக்கு நாளில் ஒருவர் நின்றால் மற்றவர் இரண்டு வகுப்பையும் பார்ப்போம். ஐந்து மாதமாக எனக்கு அது வரவில்லை, நான் ஒரு ஞாயிறும் நிற்கவில்லை. கோகிலா டீச்சர் நன்றி சொல்வார் என்று பார்த்தால், எங்கள் வரவு இடாப்பைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தார். “ஒன்னு தீட்டோட உள்ள வர்றீங்க, இல்லாட்டி வேற விசயம். ரெண்டுல எது டீச்சர்?”

மூன்றாவது பதில்

பல்கலைக்கழகத்தில் தர்க்கவியல் படிக்கிறவளிடமா இந்தக் கேள்வி? மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கவேண்டும் என்று கண்டி டவுனில் டொக்டரைச் சனல் பண்ணி, நம்பர் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே தாதி, கல்யாணம் ஆனதா என்றார். இல்லை என்றேன். கர்ப்பமாக வழியே இல்லை என்று விளக்கமும் கொடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு சின்னப் போத்தலை நீட்டினார். “எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க தங்கச்சி. நிரப்பிட்டு வாங்க.”

உடம்பின் சந்தேகம்

போத்தல் என் பக்கம் சாட்சி சொன்னது. இரத்தத்தை இரண்டு தரம் பார்த்தார்கள். எனக்கு ஆய்வுகூடத்தின் மேல் சந்தேகம், மூன்றாம் தரமும் கொடுத்தேன். அதே முடிவு. கிருமியை எதிர்க்கவேண்டிய சக்தி, கருமுட்டை உருவாகும் என் சூலகத்தையே அந்நியன் என்று எண்ணித் தாக்குகிறதாம். என் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியையும் அதுதான் கெடுத்திருக்கிறதாம். ஊர் சந்தேகித்தால் வாதாடலாம், சொந்த உடம்போடு எப்படி வாதாடுவது? இருபத்திரண்டு வயதில் கேட்கக் கூசிய கேள்வியைக் கேட்டேன்: எனக்குப் பிள்ளை பிறக்குமா? டொக்டர் பேனையை மூடிவைத்தார். “முடிஞ்சிபோச்சுன்னு சொல்லமாட்டேன் மகள். நம்பி இருங்கன்னும் சொல்லமாட்டேன்.”

அறிக்கையும் ஆதாரமும்

அறிக்கையைக் கோகிலா டீச்சரிடம் காட்டினேன். ஏன் காட்டவேண்டும் என்கிறீர்களா? பிள்ளைகளின் அம்மாமார் வரை கதை போயிருந்தது. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்த வயசுல யாருக்குங்க நிக்கும்? டொக்டருக்கும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?”

எடுத்த லீவு

ஹோர்மோன் குளிசை தந்தார்கள். அது முடிந்ததும் உதிரம் வந்தது, சரியாக ஞாயிற்றுக்கிழமையில். குளிசை வரவைத்ததுதான், சூலகம் திருந்தவில்லை. தீட்டு என்பதையே ஏற்காதவள் நான். அன்று வயிற்றுவலியில் வாதாடத் தெம்பில்லாமல் வீட்டில் நின்றேன். அடுத்த ஞாயிறு கோகிலா டீச்சர் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். “பாத்தீங்களா, ஒங்களுக்கு ஒரு கொறையும் இல்ல! எங்கண்ணன் மகனுக்குப் பாக்கிறோம், சாதகத்தக் குடுங்க.”

வகுப்புக்கு ஒழுங்காக வந்தால் சந்தேகம், வராமல் நின்றால் சம்பந்தம் என்பதை எந்தத் தர்க்கப் புத்தகத்திலும் இதுவரை நான் காணவில்லை.