கல் படியும் தண்ணீரும் காமாலை தந்த தண்ணீரும்

கடுகு தாளிக்கும் வாசனை எனக்குக் குமட்டியது. அதுதான் முதல் அறிகுறி. கேரள எல்லையில் காரோடு என்ற ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக் கஞ்சிப்புரையில் (மதிய உணவு சமைக்கும் இடம்) ஒன்பது வருடமாகச் சமைக்கிறவளுக்குத் தாளிப்பு குமட்டலாமா? வயிற்றுக் கோளாறு என்று இரண்டு நாள் சுக்குக் காப்பியில் ஓட்டினேன். மூன்றாம் நாள் சிறுநீர் கட்டன் சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் போனது. கண்ணாடியில் பார்த்தால் கண் இரண்டும் மஞ்சள்.

பாறசாலை ஆஸ்பத்திரியில் டாக்டர் இரத்தம் எடுக்கச் சொன்னார். பிலிருபின் (கல்லீரல் சோர்ந்தால் உடம்பில் தேங்கும் மஞ்சள் நிறமி) மிகவும் கூடியிருந்தது. ஹெப்படைட்டிஸ் ஏ (அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகப் பரவும் கல்லீரல் அழற்சி) என்றார். இதற்கென்று தனி மருந்தில்லை, ஓய்வும் ஆகாரமும்தான், கண்ட பச்சிலையையும் அரைத்துக் குடித்துக் கல்லீரலைப் பாடாய்ப் படுத்தாதீர்கள் என்றார். பிறகு மலையாளத்தில் கேட்டார்.

"சேச்சி, திளப்பிச்ச வெள்ளமாணோ குடிக்குன்னது?"

கொதிக்க வைத்த தண்ணீரா என்று என்னிடம் கேட்கிறார்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பின்னே? பதிமுகம் இட்டுத் திளப்பிச்ச வெள்ளமாக்கும்" என்றேன். பதிமுகம் என்பது தண்ணீரை இளஞ்சிவப்பாக்கும் மரச்சீவல். எங்கள் பக்கம் அது இல்லாத அடுக்களை இல்லை.

எப்படி ஆற வைப்பீர்கள் என்று அடுத்துக் கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். காலையில் ஆற வைக்க எனக்கு எங்கே நேரம்? கொதித்த தண்ணீரில் பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணீரைக் குழாயிலிருந்து பிடித்து விட்டு, இளஞ்சூடாக்கிப் பாட்டிலில் நிறைப்பேன். நிறம் அப்போதும் சிவப்பாகத்தான் இருக்கும். அந்த நிறத்தை நம்பி ஏமாந்தேன். இதைப் படிக்கிற நீங்களும் அப்படிச் செய்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். வெட்கமெல்லாம் அப்புறம் படலாம்.

எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர் உண்டு. போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் கடினம். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகக் கல் படியும், சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாமல் அழிச்சாட்டியம் பண்ணும். அதைக் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வரும் என்று பயந்து துணி துவைக்க ஒதுக்கிவிட்டு, வாய்க்கு ருசியான குழாய்த் தண்ணீரைக் குடித்தோம். என் கணவர் சுரேந்திரன் கொத்தனார். எங்கள் தண்ணீர் மீட்டரிலிருந்து அவரே பிளாஸ்டிக் பைப் இழுத்து, வீட்டுக்கும் பக்கத்து வீட்டு ஷைஜாவுக்கும் தண்ணீர் கொடுத்திருந்தார்.

நான் படுத்த இரண்டாம் நாள் ஷைஜாவின் மகள் அனகாவுக்கும் காமாலை. அவள் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அவ்வளவுதான், ஊருக்கு வாய் முளைத்துவிட்டது. கஞ்சிப்புரையிலிருந்துதான் வந்ததாம். வேறு ஆளைப் பார்க்கலாம் என்று பெற்றோர் சங்கத்தில் பேச்சு. வேலை போவது ஒரு பக்கம். என் கையாலா அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தேன் என்ற நினைப்புதான் என்னைத் தின்றது.

அடுத்த முறை டாக்டரிடம் அதைத்தான் முதலில் கேட்டேன். இந்தக் கிருமி உள்ளே போய் வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆகும், இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் வந்திருப்பதால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் வாங்கியிருக்க வேண்டும் என்றார். ஆனால் நோய் தெரியும் முன்பே பரவவும் செய்யும், மற்றப் பிள்ளைகளையும் கவனிக்கச் சொல்லுங்கள் என்றார். நல்லவேளை, வேறு எந்தப் பிள்ளைக்கும் வரவில்லை.

சுகாதாரப் பணியாளரிடம் சொல்லித் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தேன். போர் தண்ணீரில் கடினத்தன்மை (சுண்ணாம்பு போன்ற உப்புகள்) கூடுதல், கிருமி இல்லை. மீட்டர் பக்கம் பிடித்த தண்ணீரும் சுத்தம். எங்கள் குழாயில் பிடித்ததில் கோலிஃபார்ம் (கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி). சுரேந்திரன் தோண்டிப் பார்த்தார். கக்கூஸ் குழியை ஒட்டி ஒரு ஜாயின்ட் விட்டிருந்தது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். வராத நேரத்தில் காலிக் குழாய் குழியிலிருந்து கசிந்த கழிவை உள்ளே இழுத்திருக்கிறது.

பெற்றோர் சங்கக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றேன். "எட்டி, மீட்டிங்குல பைப்புக் காரியம் பறயாண்டாம்" என்று தடுத்தார். "ஊரு முழுக்க என்னையல்லா பழிக்கும்?"

"உங்களப் பழிச்சா நாலு நாளு. நான் மிண்டாம, வாய தொறக்காம இருந்தா எனக்க பேரு என்னைக்கும் கெட்டுக் கிடக்கும்."

"நான் வேணும்ணா செய்தேன்?"

"இல்ல. அதையும் பறயுவேன்."

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

வெளியே போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு கூட்டத்துக்குப் போனேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதிக்குப் பாதி கலந்ததைச் சொன்னேன், பைப்பைச் சொன்னேன், சோதனைத் தாளை மேசையில் வைத்தேன். ஷைஜா எழுந்து போனாள். அவள் பிள்ளை படுத்தது எங்கள் குழாயால். என்ன சொல்லி அவளைத் தடுப்பேன்?

"நோய் மாறினதுக்கு சர்ட்டிபிகேட் வேணும்" என்றார் சங்கத் தலைவர்.

"கொண்டு வாறேன். இங்க சமைக்குத வெள்ளத்துக்கும் ஒண்ணு நீங்க கொண்டு வரணும். அதுவும் இதும் ஒருமிச்சு சுவருல கிடக்கட்டு."

கொண்டு வந்தார்கள். இப்போது இரண்டும் கஞ்சிப்புரைச் சுவரில் தொங்குகின்றன. சுரேந்திரன் ஊரார் பார்க்கப் பட்டப்பகலில் பைப்பை மாற்றினார். நாங்கள் கல் பயத்தை விட்டுப் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடிக்கிறோம். அனகா எனக்கு முன்பே தேறிப் பள்ளிக்கு வந்துவிட்டாள்.

உடம்பு தேறுவது என்பது பழைய உடம்பு திரும்பி வருவதல்ல. மஞ்சள் போன பிறகும் மாதக்கணக்கில் அசதி இருந்தது. முன்பு ஒரே மூச்சில் செய்த வேலையை இப்போது மூன்றாகப் பிரித்துச் செய்கிறேன். இடையில் உட்கார்ந்தாக வேண்டும். சோம்பேறி என்று யாராவது நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், சாப்பாட்டு மணி அடித்ததும் ஷைஜா கஞ்சிப்புரை வாசலில் வந்து நின்றாள். ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு பேசாதவள். பிள்ளைகளைப் பார்க்க வந்த தாய்மார் நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள்.

"எனக்கும் ஒரு பிளேட்டுல தா" என்றாள்.

சோறும் பயறும் போட்டுக் கொடுத்தேன். எல்லோரும் பார்க்க, நின்றபடியே கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். எனக்கு அழுகையும் வந்தது, அசதியும் வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே அடுத்த பிள்ளைக்குப் பரிமாறினேன். வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. நகரட்டும் என்று விட்டுவிட்டேன்.