வரித்தழும்புத் தைலம்

தைலக்காரி என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கர்ப்பிணிகளின் வயிற்றில் விழும் வரித்தழும்புக்காக, வல்லாரையையும் அதிமதுரத்தையும் நல்லெண்ணெயில் காய்ச்சி ஒரு தைலம் உருவாக்கிக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக அதே பைத்தியம். ஒவ்வொரு முறை காய்ச்சி இறக்கியதும் தன் இடது முன்கையில் பூசி, துணி சுற்றி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுவாள். எரிந்தால் சாக்கடைக்கு, எரியாவிட்டால் பாட்டிலுக்கு. தன் கையே தனக்குதவி என்று பெருமை வேறு. இதுவரை ஒரு முறைகூட எரிந்ததில்லை.

அன்று காலை தங்கை போன் செய்தாள். அவளுக்கு எட்டாம் மாதம்.

“அக்கா, நீ குடுத்த புதுத் தைலத்தை நேத்து பூசினேன். வயிறு பூரா தடிச்சு எரியுது. குழந்தை அசையற மாதிரியே தெரியலக்கா.”

தைலக்காரி செருப்புகூட மாட்டாமல் கிடைத்த வண்டியில் ஏறினாள். தங்கையை உள்ளே அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தாள். இந்த முறை வாசனைக்கென்று இலவங்க எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட்டிருந்தாள். பாவி, எதற்கு அந்த வாசனை! அந்தப் பிஞ்சுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது?

ஒரு வழியாக டாக்டரம்மா வெளியே வந்தார்.

“குழந்தை நல்லா இருக்கு. துடிப்பு சரியா இருக்கு. தோல்தான் புண்ணாயிருக்கு. இதை யார் மேல பூசிப் பாத்தீங்க?”

போன உயிர் திரும்பி வந்தது. “என் கையிலதான் டாக்டரம்மா. ஒரு நாள் பூரா வெச்சிருந்தேன். ஒண்ணுமே ஆகல.”

டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினார். “இந்தக் கொப்புளம் எப்ப வந்துச்சு?”

தைலக்காரி குனிந்து பார்த்தாள். முன்கையில் நெல்லிக்காய் அளவுக்கு நீர் கோத்து நின்றது. எப்போது சுட்டது என்றே அவளுக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருடம் கொதிக்கிற எண்ணெயோடு குடித்தனம் நடத்திய கை அது. மரத்துப்போய் எத்தனை நாளாயிற்றோ!

அதே தைலத்தை இன்னும் பதினொரு கர்ப்பிணிகள் வாங்கிப் போயிருந்தார்கள். போனை எடுத்து முதல் எண்ணை அழுத்தினாள்.

“அம்மா, தைலத்தைப் பூசாதீங்க!”

“ஐயோ, காலையிலயும் பூசிட்டேங்களே. நேத்துலேர்ந்தே எரியுது. நீங்க உங்க கையில பூசிப் பாத்ததாச்சேன்னு பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிட்டேன்.”