கோகிலவாணி மேடையில் கேட்ட கேள்வி

சேலம் சூரமங்கலத்தில் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கும் கோகிலவாணிக்குத் தேர்தல் வந்தால் இன்னொரு வேலையும் வந்துவிடும். டெல்லியிலிருந்து வரும் தலைவர்கள் பேசப் பேச, பக்கத்து மைக்கில் நின்று தமிழில் சொல்வாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். தலைவர் தும்மினால் மட்டும்தான் விட்டுவிடுவாள் என்று கட்சிக்காரர்கள் கேலி செய்வார்கள்.

இந்த முறை கூட்டம் அவள் பிறந்த மல்லசமுத்திரத்தில். திடல் முழுக்க ரிக் வண்டிக்காரர்கள். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டிகளை நாடெங்கும் அனுப்பிப் பிழைக்கிற பக்கம் அது. அவளுடைய அண்ணன் கந்தப்பனிடமும் ஒரு ரிக் உண்டு. கடலோர மாவட்டங்களில் எண்ணெய்க் கிணறு வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து அண்ணனின் கால் தரையில் நிற்கவில்லை. துளை போடுவதில் நம்மை மிஞ்ச ஆள் ஏது, நம்மைக் கூப்பிடாமல் யாரைக் கூப்பிடுவார்கள் என்று, தெற்குக்காட்டு நிலத்தை விற்றுப் பெரிய ரிக் வாங்கத் துணிந்துவிட்டார். மறுநாள் தரகர் வருவதாக ஏற்பாடு.

“அது வேற மிசினுங்கண்ணா. நம்முளுது காத்தடிச்சுப் பாறைய ஒடைக்கற வண்டி. அவிங்க மைல் கணக்குல எறங்கோணும்” என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

“பாடத்தப் பள்ளிக்கூடத்துல நடத்து சாமி. ரிக்கப் பத்தி எனக்கேவா?” என்று சிரித்துவிட்டார்.

மேடைக்குப் பின்னால் மாவட்டச் செயலாளர் குழந்தைவேல் அவளை ஓரமாக அழைத்தார். “டீச்சரம்மா, எண்ணெய்க் கெணறுன்னு வந்தா நல்லா அழுத்திச் சொல்லுங்க, நம்ம சனம் கை தட்டும். அணு உலைய மட்டும் முழுங்கிருங்க.”

“முழுங்குனா செமிக்காதுங்க” என்றாள் கோகிலவாணி.

தலைவர் நரைத்த தலை அம்மையார். சுற்றி வளைக்காமல் பேசினார். காற்றும் வெயிலும் தரும் மின்சாரம்தான் நாளைய வழி. ஆனால் காற்று ஓய்ந்தாலும் ஆலை ஓட வேண்டுமே, அதற்கு அணு உலை வேண்டும். லாரி இன்னும் டீசலில்தான் ஓடுகிறது, எண்ணெயும் எடுத்தாக வேண்டும். ஒன்றை மட்டும் நம்பி நாட்டை நடத்த முடியாது. கோகிலவாணி எதையும் விழுங்கவில்லை. அணு உலைக்குக் கூட்டம் முணுமுணுத்தது. எண்ணெய்க் கிணறு என்றதும் விசில் பறந்தது.

“நம்ம வண்டிக்கு வேல வந்துருச்சுடோய்!” என்று யாரோ கத்த, முன்வரிசையில் அண்ணன் எழுந்து துண்டைச் சுழற்றினார்.

தலைவர் பூரித்துக் கும்பிட்டார். எதற்கு இந்த ஆரவாரம் என்று அவருக்குத் தெரியாது, குழந்தைவேலுக்குத் தெரியும். சொந்தமாக ஒரு சொல் சேர்த்துச் சொல்லக் கோகிலவாணிக்கு உரிமையில்லை. கேட்கலாமே! தலைவர் பக்கம் திரும்பி, மைக்கிலேயே ஆங்கிலத்தில் கேட்டாள்: தங்களுடைய தண்ணீர் ரிக்குகளுக்கு அந்த வேலை வரும் என்று இவர்கள் நம்புகிறார்கள். வருமா?

தலைவர் திகைத்தார். பின்னாலிருந்த ஆலோசகரிடம் குனிந்து விசாரித்தார். பிறகு நிமிர்ந்து, வராது என்றார். அதற்கு எந்திரமே வேறு. பொய்யான நம்பிக்கையைக் கொடுத்து உங்கள் வாக்கை வாங்க மாட்டேன்.

அவள் அதை அப்படியே தமிழில் சொன்னாள். அண்ணனின் துண்டு தோளுக்கு இறங்கியது.

“அப்பறம் டீசல் வெலையாச்சும் கொறையுமான்னு கேட்டுச் சொல்லும்மா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு வெடித்தது. அவள் அதையும் கேட்டாள். உறுதி சொல்ல முடியாது என்று பதில் வந்தது. அதற்குப் போய்ச் சிலர் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் குழந்தைவேல், “அடுத்த தடவைக்கு வேற ஆளப் பாத்துக்கறோமுங்க” என்றார்.

“பாருங்க. முழுங்காத ஆளாப் பாருங்க.”

மேடைப்படியடியில் முகம் கறுத்து நின்றிருந்தார் அண்ணன். “ஏம்புள்ள, இத்தன சனத்துக்கு முன்னாலயா கேக்கோணும்? ஊட்லயே சொல்லியிருக்கலாமல்ல?”

“ஊட்ல சொன்னேனுங்களே!”

“நீதான சொன்னே. அந்தம்மா சொல்லுலியே.”

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. செல்போனை எடுத்துத் தரகர் பச்சமுத்துவைக் கூப்பிட்டார். “நாளைக்கு வர வேண்டாமுங்க. காட்டக் குடுக்கறாப்பல இல்ல. நம்ம வண்டியவே கொண்டாந்து அங்க தண்ணிக்கு ஒரு போர் போட்டுப் பாக்கலாம்னு இருக்கறேன்.”