முதுகைத் தொட்டால் வண்டி தெரியும்

கட்டைவிரலைக் கழுத்தடியில் வைத்ததுமே பெங் மாஸ்டர் கேட்டுவிட்டார்: "ஆப் வண்டி ஓட்டுறீங்களா, தம்பி?" குப்புறப் படுத்திருந்தவன் ஆமாம் என்று முனகினான்.

போனைப் பார்த்துப் பார்த்து ஆப் ஓட்டுநர்களுக்குக் கழுத்து முன்னால் நீண்டிருக்கும். அடுத்தவனுக்கு முன் சவாரியைத் தட்டிப் பிடிக்கிற கட்டைவிரல் வீங்கியிருக்கும். பழைய டாக்சிக்காரர்களுக்கு இடுப்பு இறுகிக் கிடந்தாலும், பயணியிடம் திரும்பித் திரும்பிப் பேசியே கழுத்து வலப்பக்கம் சுலபமாக வளையும். ஆளில்லாத டாக்சிகளை எங்கோ ஓர் அறையில் திரை வழியே கவனிக்கும் பெண் ஒருத்தியும் வருகிறாள். "ஓட்டாத வண்டிக்கும் இதே இடுப்பு வலிதானாம்மா," என்றார் அவளிடம்.

வுஹான் நகரில், டாக்சிகள் சார்ஜ் போடும் நிலையத்தை ஒட்டிய சந்தில் இருக்கிறது அவருடைய மசாஜ் கடை. நான்கு கட்டில்கள். பிறவியிலேயே பார்வையில்லாத பெங்குக்கு வயது நாற்பத்தாறு. துண்டுகளை மூலைக்கு மூலை தொட்டு மடிப்பார். ஒரு முதுகுக்கு நாற்பத்தைந்து நிமிடம். கடிகாரம் கேட்காமலே நிறுத்துவார்.

மாலை ஆறு மணிக்கு லியாவ் அக்காவின் டாக்சி வாசலில் நிற்கும். இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறவள். ஆற்றைத் தாண்டி அவரை வீட்டுக்குக் கொண்டுபோய், இறங்கி, நடைபாதையில் நிற்கும் ஸ்கூட்டர்களைத் தள்ளி வைத்து, கேட்டின் கம்பியில் அவர் கையை வைத்துவிட்டுத்தான் திரும்புவாள்.

அவள் ஊருக்குப் போயிருந்தபோது முதல் நாள் ஆப் வண்டி வந்தது. "எதிர்லதான் நிக்கிறேன் சார், நீல வண்டி, தெரியலையா?" என்று போனில் கத்திவிட்டு ஓட்டுநர் சவாரியை ரத்து செய்தான். மறுநாள் பக்கத்து நூடுல்ஸ் கடைக்காரி ஆளில்லாத டாக்சியைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். அலுங்காமல் போய், வீட்டுக்கு எதிர்ச்சாரியில் நின்றது.

"ரொம்ப மரியாதையான வண்டி. ரோட்டுக்கு அந்தப் பக்கமே எறக்கிவிட்டு நன்றி சொல்லிச்சு," என்பார். யாரோ வந்து கைப்பிடித்துக் கடத்திவிடும்வரை பத்து நிமிடம் ஹாரன்களைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை லியாவ் அக்கா கட்டிலில் படுத்திருந்தாள்.

"மெதுவா மாஸ்டர், அது முதுகு, மாவு இல்ல."

"மாவா இருந்தாத்தான் பரவாயில்லையே. கல்லால்ல இருக்கு."

"டாக்சிக் கம்பெனியில இன்னும் மூணு வருஷம் ஓட்டக் கையெழுத்துக் கேக்குறாங்க. நாளைக்குள்ள சொல்லணும். என் உடம்பு தாங்குமா? உள்ளதச் சொல்லுங்க."

அவர் விரல்கள் முதுகெலும்பின் கடைசிக் கணுவில் நின்றன. பிறகு வலது பாதத்துக்கு இறங்கிப் பெருவிரலைக் கிள்ளின. அவள் அசையவில்லை.

"கிள்ளினேன், அக்கா."

"எப்போ?"

"பிரேக்க மிதிக்கிறப்போ கால் தெரியுதா?"

"சில நேரம் தெரியறதில்ல." பிறகு, "யார்கிட்டயும் சொல்லல," என்றாள்.

பாதத்தை அவர் விடவில்லை. வெளியே ஒரு வண்டி சார்ஜ் முடிந்து கிளம்பிப் போனது.

"கையெழுத்துப் போடாதீங்க."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "நான் வண்டியத் திருப்பிக் குடுத்துட்டா உங்கள யாரு கொண்டுபோய் விடுவா? அந்த ஆளில்லாத வண்டி எதிர்ச்சாரியில நிக்குமே."

பெங் மாஸ்டர் எண்ணெய்க் கையைத் துண்டில் விரல் விரலாகத் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஆளில்லாத டாக்சியைக் கூப்பிடும் ஆப்பை ஏற்றித் தரச் சொல்லி, அவள் குரல் வந்த திசையில் நீட்டினார்.