பதினொரு முடக்குப் பாதை

ஹற்றனுக்குக் கணித ஆசிரியராக மாற்றம் கிடைத்தபோது, கொழும்பில் வாங்கிய சைக்கிளையும் ரயிலில் போட்டுக்கொண்டு வந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம். யாழ்ப்பாணத்தானான எனக்குச் சைக்கிள் இல்லாமல் ஒரு ஊர் இருக்கும் என்றே தோன்றவில்லை. ஸ்டேசனில் பார்சல் இறக்கியவர் சைக்கிளைப் பார்த்தார், பிறகு மலையைப் பார்த்தார். "இங்க பாதி நேரம் சைக்கிள்தான் சார் நம்ம மேல ஏறிக்கிட்டு வரும்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடினேன். மெயின் ரோட்டில் சோதனைச் சாவடி இருந்தது. என் அடையாள அட்டையில் ஊர்ப் பெயரைப் பார்த்தால் அரை மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள். அதனால் தோட்டத்துப் பாதைகளைப் பிடித்தேன். தேயிலைக்கு நடுவே கல் பெயர்ந்த வண்டிப் பாதைகள். கொண்டையூசி மாதிரி வளையும் முடக்குக்கு மேல் முடக்கு. எவரும் என் பெயரைக் கேட்காத பாதைகள்.

சைக்கிள் விளக்கைத் திருத்தப் போனபோதுதான் அவரைத் தெரியவந்தது. பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு சந்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். சிறு வயதில் வந்த காய்ச்சல் நெஞ்சு வால்வைக் கெடுத்துவிட்டது. பத்துப் படி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டும், இந்த ஊரிலோ எங்கே போவதென்றாலும் பத்துப் படி. கலியாணம் செய்யவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த அறைதான் வீடு. நான் எந்தப் பாதையால் போனேன், எந்த இடத்தில் இறங்கித் தள்ளினேன் என்று மற்றவர்கள் சினிமாக் கதை கேட்பதுபோல் கேட்பார். அப்படிக் கேட்கிறவருக்குக் கதை சொல்ல எனக்கும் பிடித்திருந்தது. ஏழெட்டு வருடம் அப்படியே போனது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள், பேட்டரியில் ஓடும் சைனா சைக்கிள் ஒன்று கடைக்குத் திருத்த வந்தது. பேட்டரி செத்துப் போயிருந்தது. சொந்தக்காரர் "நீயே வச்சிக்க" என்று விட்டுவிட்டுப் போய்விட்டார். இவர் இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டி உயிர் கொடுத்தார். முதல் ஞாயிறு என்னை முந்திக்கொண்டு ஏற்றத்தில் ஏறினார். நான் நாக்குத் தள்ள மிதித்துக்கொண்டிருக்கிறேன். அவர் சும்மா உட்கார்ந்தபடி, "ஓரமா வாங்க சார், பெரிய வண்டி போகுதுல்ல" என்கிறார். நாற்பது வயதுக்காரர் அன்று சிரித்த சிரிப்பை நான் எங்கும் பார்த்ததில்லை.

அதன் பிறகு சனிக்கிழமை முழுக்கத் திட்டம்தான். கணக்கெழுத ஒரு கொப்பி வைத்திருந்தார். நான் கணித ஆசிரியன், மைலைக் கூட்டிக் கழித்துக்கொண்டு போவேன். அவர் அதைக் கோடு போட்டு அடித்துவிடுவார். "மைலு எதுக்கு சார்? ஏத்தம் எவ்வளவு, எத்தனை முடக்கு, அதச் சொல்லுங்க." பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று காட்டச் சைக்கிளில் மூன்று விளக்கு இருந்தது. பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் யோசிக்க வேண்டும், சிவப்பு என்றால் தள்ள வேண்டும். அவரால் தள்ள முடியாது. ஆகவே எந்தப் பாதையும் மஞ்சளில் முடிய வேண்டும். ஒரு முறை நான் கினிகத்தேனை வழியாகப் பொல்பிட்டிய மின்நிலையம் வரை போவோமா என்று கேட்டேன். "போறது ஈசி சார், முழுக்க எறக்கம். அப்புறம் கரண்டு செய்யிற எடத்துலயே பேட்டரி செத்துக் கெடப்போம்" என்றார்.

இவ்வளவு திட்டமும் ஒரே ஒரு இடத்துக்குப் போகத்தான். றொசல்லை ஸ்டேசனுக்கு மேலே, மலை உச்சியில் இருந்த ஒரு தோட்டத்து லயத்தில் அவருடைய தங்கை இருந்தாள். அவளுடைய கலியாணத்தன்று இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குப் பிறகும் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. பஸ் இல்லை. ஆட்டோவைக் கீழ்த் தோட்டத்துக் கேட்டுக்குள் விடுவதில்லை. அவள்தான் இறங்கி வந்து அண்ணனைப் பார்த்துவிட்டுப் போவாள். அவள் மகளுக்குப் பன்னிரண்டு வயது.

"அந்தப் புள்ள என்னைக்கு வேணும்னாலும் பெரிய புள்ள ஆயிரும் சார். தாய்மாமன் சேலை வேற எவன் கையிலயாவது போச்சுன்னா, அண்ணன் இருந்தும் இல்லாதவன்னு மாமியா வீட்டுல அவள ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவாங்க. அன்னைக்கு நான் மேல போய்ச் சேரணும்."

ஹற்றனிலிருந்து றொசல்லைக்குத் தோட்டப் பாதையால் போனால் பெரும்பாலும் இறக்கம், பேட்டரிக்குச் செலவில்லை. அங்கிருந்து கேட்டைத் தாண்டி மூன்று மைல் ஏற்றம், பதினொரு முடக்கு. திரும்பி வர ரயில். ஒரு வருடமாக ஒத்திகை பார்த்தோம். முதல் ஞாயிறு மூன்றாம் முடக்கு வரை, பிறகு ஐந்து, பிறகு ஏழு. ஒன்பதாம் முடக்கிலும் மஞ்சள்தான் எரிந்தது. இன்னும் இரண்டே முடக்கு, போய்விட்டு வருவோமே என்றேன். "வெறுங்கையோட போய் நிக்க மாட்டேன் சார்" என்று சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

இடையில் அந்தக் கேட். வெளி வண்டிகள் உள்ளே போகத் தோட்டத்து ஆபீசில் முன்கூட்டியே அனுமதித் துண்டு வாங்க வேண்டும், ஆட்டோவுக்கு அதுவும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டு. ஆனால் எந்தத் தோட்டத்திலும் எழவு வீட்டுக்குப் போகிறவனை நிறுத்த மாட்டார்கள். அதை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு நடந்தது. முதல் நாள் கேட்டுக்கு முன்னால் நின்று எனக்குச் சொல்லித் தந்தார்: "நீங்க வாயத் தொறக்காதீங்க. உங்க யாழ்ப்பாணப் பேச்சக் கேட்டா செத்தவனே எந்திரிச்சி ஒக்காந்துருவான். மூஞ்ச மட்டும் தொங்கப் போடுங்க." காவல்காரர் வயதானவர், காக்கிக் கோட்டு, காதைச் சுற்றி மப்ளர். இவர் தொப்பியைக் கழற்றி, "எழவு வீட்டுக்குப் போறோம்ங்க" என்பார். சங்கிலி இறங்கும்.

ஞாயிறுக்கு ஒருவராகக் கொன்றோம். பெரியப்பா, சின்னம்மா, மச்சானின் தகப்பன். உயிரோடு இருக்கிற முறைக்காரரைத் தொடமாட்டார். தனக்கு இல்லாத உறவாகப் பார்த்துத்தான் சாகடிப்பார். காவல்காரர் ஒவ்வொரு முறையும் "பாவம், என்ன வருத்தத்துல போனாங்க?" என்று விசாரிப்பார். நான் மூஞ்சியைத் தொங்கப் போடுவேன். கேட்டைத் தாண்டி முதல் முடக்கில் இரண்டு பேரும் வயிறு நோகச் சிரிப்போம். நினைத்தால் இப்போது அந்தச் சிரிப்பே கசக்கிறது.

பிள்ளை பெரிய பிள்ளையானாள். சடங்குக்கு ஒரு ஞாயிறு குறித்தார்கள். அரக்குச் சேலை, கண்ணாடி வளையல், வாழைச்சீப்பு, பலகாரம் எல்லாம் வாங்கி என் சைக்கிளில் கட்டினோம். ஒட்டுப் போடும் சாமான், மாற்று பியூஸ், தண்ணீர்ப் போத்தல் எதையும் மறக்கவில்லை. துண்டை மட்டும் மறந்தோம். ஒரு வருடமாகத் தேவைப்படாத ஒன்று நினைவுக்கு வரவே இல்லை.

கேட்டில் காவல்காரர் சங்கிலியை இறக்கக் கை வைத்துவிட்டார். இவர் வழக்கம்போல் தொப்பியைக் கழற்றினார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"சடங்குக்குப் போறோம்ங்க. நான் தாய்மாமன்."

காவல்காரர் கை அப்படியே நின்றது. பின்னால் கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசலில் தோட்டத்து உதவி மானேஜர், சின்ன தொரை, நின்று இதையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழவர் குரலைத் தாழ்த்தினார். "துண்டு இருக்கா தம்பி?"

"இல்லைங்க."

"எழவுன்னா விடலாம். சடங்குன்னு சொன்னா நான் எப்படி விடுறது? நல்லா யோசிச்சுச் சொல்லு. எங்க போறீங்க?"

கிழவர் அந்தப் பொய்யைக் கெஞ்சிக் கேட்டார். முதல் நாளிலிருந்தே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"புள்ள மணையில ஒக்காந்திருக்கா" என்றார் இவர். "இன்னைக்கு என் வாயால அந்த வார்த்தைய சொல்ல மாட்டேங்க."

நான் சொல்லியிருக்கலாம். சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. நான் பேசக் கூடாது என்பது ஒரு வருடத்து வழக்கம், அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நல்ல நாளில் கெட்ட சொல் சொன்னவன் என்று என்னை நினைப்பாரோ என்றும் பயந்தேன். இரண்டு சைக்கிளையும் கேட்டில் விட்டுவிட்டு, தேயிலைக்குள்ளால் ஏறும் குறுக்குப் பாதையில் நடந்தோம். கால்நடையாகப் போகிறவனுக்குத் துண்டு தேவையில்லை.

அரை மணி நேர ஏற்றம் இரண்டரை மணி நேரம் எடுத்தது. சாமான் முழுவதையும் நான் சுமந்தேன். சேலையை மட்டும் அவர் தரவில்லை. கல்லுக்குக் கல் உட்கார்ந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. "திரும்புவம், வாரும்" என்று இரண்டு தரம் சொன்னேன். பதில் சொல்ல அவருக்கு மூச்சு இல்லை, கையால் மேலே காட்டினார். மேலே போய்ச் சேர்ந்தோம். தங்கை அண்ணனைக் கண்டதும் எல்லார் முன்னாலும் குழந்தை மாதிரி ஓவென்று அழுதாள். சேலையை அவர் கையாலேயே கொடுத்தார். சாப்பாட்டில் இரண்டு வாய்தான் வைத்தார். "அடுத்த தடவ சைக்கிள்லயே வந்து வாசல்ல நிப்பாட்டுறேன் பாரு" என்று தங்கையிடம் சொன்னார். அந்த வீட்டு மூலையில் கிடந்த கட்டிலில் படுத்து, மாலை வரை எழும்பவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை, கடையில் ஒரு ரேடியோவைத் திறந்து வைத்தபடி மேசையில் சாய்ந்து போய்விட்டார். எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கக்கூடியதுதான் என்று டாக்டர் சொன்னார். நல்ல மனிதர், எனக்காகச் சொன்னார். நான் அதை நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. கேட்டில் நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் அந்த மலையை நடந்து ஏறியிருக்க மாட்டார்.

தங்கைக்கு யாராவது போய்ச் சொல்ல வேண்டும். அந்த லயத்தில் போன் சிக்னல் எடுக்காது. கடை மூலையில் அவருடைய சைக்கிள் சார்ஜில் நின்றது, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வயரைக் கழற்றிவிட்டு அதிலேயே புறப்பட்டேன்.

கேட்டில் காவல்காரர் தூரத்திலேயே கையைத் தூக்கினார். சிரித்தார். "வாங்க சார். இன்னைக்கு யாரு செத்தது? அவரு எங்க, தனியா வந்திருக்கீங்க?"

வாயைத் திறந்தேன். "செத்த வீடு ஐயா" என்றேன். "தங்கச்சிக்குச் சொல்லப் போறன்."

அவர் என் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது, பிறகு போனது. மப்ளரைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டார். "அன்னைக்கு நானாவது சங்கிலிய எறக்கி விட்டிருக்கணும் சார்" என்றார். சங்கிலியை இறக்கினார்.

முடக்குகளை எண்ணிக்கொண்டே போனேன். ஒன்பது. பத்து. பதினொன்று தாண்டியும் மஞ்சள் விளக்குத்தான் எரிந்தது. அவர் கொப்பியில் போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை. லயத்து வாசலில் பிரேக் பிடித்தபோது அந்தச் சத்தம் கேட்டுத் தங்கை ஈரக் கையோடு ஓடி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அண்ணனுடைய சைக்கிளைத்தான் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்து போய், உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள்.

"தண்ணி வை புள்ள! மாமா சொன்ன மாதிரியே சைக்கிள்ல வந்துட்டாரு."